கேம்பிங் ட்ரெய்லர் இழுக்கும்போது பைக்கை எங்க ஏத்தறது: பிக்கப் தொட்டியில குறுக்கா ஒரு சட்டம் கட்டின அனுபவம்

பைக்கை ட்ரெய்லரோட பின்பக்கம் மாட்டிக்கினு ரோட்டுக்குப் போகாதீங்க. முதல்ல இதைச் சொல்லிடறேன், ஏன்னா ரேக் கட்டலாம்னு கிளம்பற முக்கால்வாசிப் பேருக்கு முதல்ல தோணுற இடம் அதுதான், பாக்கறதுக்கும் காலியா வசதியா இருக்கும், வெல்டிங் பட்டறையில கேட்டாலும் அங்கதான் கை காட்டுவாங்க.

நம்ம செட்டப் என்னன்னா, இழுக்கிற வண்டி இசுசு வி-கிராஸ், டபுள் கேபின், பின்னாடி ஏறக்குறைய 5 அடி நீளத் தொட்டி. ட்ரெய்லர் ரெண்டு பேர் படுக்கிற சின்னது, ஒத்தை ஆக்ஸில், பின்கதவைத் தூக்கினா அடுப்பு வைக்கிற மேடை, சாமான் எல்லாம் ஏத்தினா 500 கிலோ வருது. பைக் பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர், 112 கிலோன்னு வெச்சுக்கலாம். திருவொத்தியூர்ல இருந்து கிளம்பினா நமக்குப் போற ஊர்லாம் வடக்கதான், பழவேற்காடு, தடா, சூளூர்பேட்டை, நேலப்பட்டு கூழைக்கடா பாக்கறதுக்கு, அங்கல்லாம் ட்ரெய்லரை ஒரு தோப்புல நிறுத்திட்டு ஏரிக்கரை மண்பாதையில சுத்தணும்னா பைக் இல்லாம வேலைக்கு ஆகாது. பிக்கப்பையே எடுத்துக்கினு சந்துக்குள்ள போனா திருப்ப இடம் இருக்காது. அதனால பைக்கும் வரணும், ட்ரெய்லரும் வரணும்.

மணலி பக்கம் நான் வழக்கமா வேலை குடுக்கிற பட்டறை அண்ணன் கிட்ட விஷயத்தைச் சொன்னதும், "இன்னா தல இது ஒரு மேட்டரா, பின்னாடி ரெண்டு சி சேனல் நீட்டி ஒரு ரேக் அடிச்சிட்டா முடிஞ்சிது, சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போ"ன்னாரு. நல்ல வேலைக்காரர், அவர் அடிச்ச வெல்டு எதுவும் இதுவரைக்கும் விட்டுப்போனதில்ல, ஆனா இங்க கேள்வி வெல்டோட பலம் கிடையாது. "ணா, ஒரு நிமிஷம் இருங்க, முதல்ல எடை போட்டுப் பாத்துடலாம்"னு சொல்லி அவர் பட்டறை வாசல்லயே செஞ்சு காட்டினேன்.

எப்படின்னா, வீட்ல ஏறி நின்னு எடை பாக்கிற மெஷின் இருக்கில்ல, 150 கிலோ வரைக்கும் காட்டுறது, அதைத் தரையில வெச்சு, மேல ஒரு பலகை, பலகை மேல ஒரு மரக்கட்டையை நட்டுக்குத்தா நிக்க வெச்சு, அந்தக் கட்டை மேல ட்ரெய்லரோட கப்ளரை, அதாவது இழுக்கிற வண்டியில மாட்டுற முன்முனையை, இறக்கணும். கட்டையோட உயரம், வண்டியில கப்ளர் உக்கார்ற இரும்பு உருண்டை, பால்னு சொல்வாங்க, அது எந்த உயரத்துல இருக்கோ அதே அளவு இருக்கணும், ட்ரெய்லர் மட்டமா நிக்கணும், இல்லன்னா கணக்கு மாறிடும். வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுத்தாச்சு, பின்பக்கம் சேஸிஸுக்கு அடியில ஒரு ஜாக்கியை நாலு விரல்கடை இடம் விட்டு வெச்சாச்சு, கவிழ்ந்தா புடிச்சுக்கட்டும்னு. மெஷின் 55 காட்டிச்சு. இதுதான் மூக்கு வெயிட், அதாவது ட்ரெய்லர் தன்னோட எடையில எவ்வளவை இழுக்கிற வண்டி மேல சாய்க்குதுங்கிற கணக்கு. 500-க்கு 55ன்னா 11 சதவீதம். அமெரிக்காக்காரங்க 10-ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் இருக்கணும்னு சொல்வாங்க, இங்கிலாந்துல 5-ல இருந்து 7 சதவீதம்பாங்க, அவங்க ட்ரெய்லர் அமைப்பும் ஸ்பீடும் வேற. நம்ம ரோட்டுக்கு நான் 10-க்குக் கீழ இறங்க விடறதில்ல.

இப்போ பக்கத்து மளிகைக் கடையில இருந்து 25 கிலோ அரிசி சிப்பம் நாலு வாங்கி வந்து, ட்ரெய்லரோட பின்விளிம்புல ஒன்னொன்னா வெச்சோம். முதல் சிப்பம் வெச்சதும் 40. ரெண்டாவதுக்கு 26. மூணாவதுக்கு 11. நாலாவதை அண்ணனே தூக்கி வெச்சாரு, வெச்ச கையோட கப்ளர் கட்டையை விட்டு மெல்லமா மேல எழும்பி, பின்பக்கம் ஜாக்கி மேல உக்காந்துடுச்சு. கட்டை தனியா ஆடிக்கினு நிக்குது. அவர் ஒன்னும் பேசல, போய் கப்ளரைக் கையால ஒருக்கா அமுக்கிப் பாத்தாரு, விட்டாரு, மறுபடி எழும்பிச்சு. அதுக்கப்புறம் ரேக் பேச்சே எடுக்கல.

இத்தனைக்கும் சிப்பம் உக்காந்தது ஆக்ஸில்ல இருந்து 1.4 மீட்டர்ல. ரேக் நீட்டி பைக் வெச்சா அதோட நடு எடை 1.9 மீட்டர் தள்ளிப் போயிடும். கப்ளர்ல இருந்து ஆக்ஸிலுக்கு 2.4 மீட்டர். 112-ஐ 1.9-ஆல பெருக்கி 2.4-ஆல வகுத்தா 88 கிலோ கிட்ட வருது, அவ்வளவும் மூக்குல இருந்து கழியும். இருக்கிறதே 55. ஆக பாலை 33 கிலோ மேல தூக்கிக்கினு ஓடுற ட்ரெய்லர், அதாவது இழுக்கிற வண்டியோட பின்சக்கரப் பிடிப்பையும் சேர்த்துக் கொறைக்கிற ட்ரெய்லர். டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி 90 கிலோகிட்ட இருக்கிற லேசான வண்டியை மாட்டினாக்கூட மூக்கு தூக்கத்தான் செய்யும், கணக்கு போட்டுப் பாருங்க.

சரி, முன்னாடி வேற எதையாவது கனமா வெச்சு மூக்கை மறுபடி 55-க்குக் கொண்டு வந்துட்டா பின்னாடி பைக் வெச்சுக்கலாமான்னு மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. அப்பவும் வேணாம்னுதான் சொல்வேன். ஒரு மூங்கில் கழியோட ரெண்டு முனையிலயும் தண்ணி வாளியைத் தொங்க விட்டு, தோள்ல வெச்சுக்கினு சட்னு திரும்பி, சட்னு நிக்கப் பாருங்க, கழி நிக்காது, உங்களையும் சேத்து இழுத்துக்கினு போவும், அதே ரெண்டு வாளியையும் நடுவுல உடம்போட ஒட்டி வெச்சா சொன்ன இடத்துல நிக்கும். ட்ரெய்லருக்கும் அதுதான். ஆக்ஸில்ல இருந்து எடை தள்ளிப் போகப் போக பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துற கஷ்டம் அந்தத் தூரத்தோட வர்க்கத்துல ஏறும், ரெண்டு மடங்கு தூரம்னா நாலு மடங்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல 40 அடி கன்டெய்னர் நம்மளைத் தாண்டிப் போகும்போது முதல்ல காத்து வெளிய தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும், அந்த ஒரு தள்ளல் போதும் வால் ஆட ஆரம்பிக்கிறதுக்கு. குறைஞ்ச ஸ்பீடுல ஆட்டம் தானா அடங்கும், ஒரு ஸ்பீடுக்கு மேல போனா ஒவ்வொரு ஆட்டமும் முன்னதை விட பெருசாகும், அதுக்கப்புறம் ஸ்டியரிங்ல புடிச்சு நிறுத்தலாம்னு பாத்தா இன்னும் மோசமாகும். பின்னாடி கனமா இருக்கிற ட்ரெய்லருக்கு அந்த ஸ்பீடு ரொம்பச் சீக்கிரமே வந்துடும். அதோட ரேக்ல நிக்கிற பைக் டெயில் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல வண்டிங்கிற அர்த்தத்துக்குள்ளயே ட்ரெய்லரையும் சேர்த்திருக்காங்க, அதுக்குத் தனி ரிஜிஸ்ட்ரேஷன், தனி நம்பர், அது பின்னால வர்றவனுக்குத் தெரியணும்.

அப்போ முன்னாடி, கப்ளருக்கும் பெட்டிக்கும் நடுவுல முக்கோணமா இருக்கே ஏ-ஃபிரேம், அது மேல குறுக்கா நிக்க வெச்சா? அதையும் கணக்குப் போட்டேன். பைக்கோட நடு ஆக்ஸிலுக்கு 1.8 மீட்டர் முன்னாடி வரும், மூக்குல 84 கிலோ ஏறும், 55-ஓட சேர்ந்து 139. மொத்தம் 612 கிலோவுல 23 சதவீதம். என் டோ பாரோட, அதாவது பிக்கப்ல பாலைத் தாங்குற இரும்புச் சட்டத்தோட, தகட்டுல அடிச்சிருக்கிற அளவு 100 கிலோ. பிக்கப் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரம் லேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பாக்கும், ஸ்டியரிங் பிடிப்பு குறையும், ஒவ்வொரு பள்ளத்துலயும் ஏ-ஃபிரேமோட வெல்டு வளைஞ்சு வளைஞ்சு நிமிரும். புதுசா ட்ரெய்லர் கட்டப் போறவங்களுக்கு இது வேற கதை, பைக்கை மனசுல வெச்சே ஆக்ஸிலை முன்னாடி தள்ளிப் போடலாம், இல்லன்னா பைக் நிக்கிற தடத்தை ஆக்ஸிலுக்கு நேர் மேல, ஒரு சாண் முன்னாடி வர்ற மாதிரி வெச்சு படுக்கையை மடக்குற மாதிரி பண்ணிக்கலாம். கார்ல இழுக்கறவங்களுக்கு அந்த ஒரு வழிதான் எனக்கு மனசுக்கு ஒத்துப்போற வழி. கட்டி முடிச்ச ட்ரெய்லர் வெச்சிருக்கிற எங்களுக்கு பைக் போக வேண்டிய இடம் பிக்கப் தொட்டி. எடை கிட்டத்தட்ட பின் ஆக்ஸில் மேலயே இறங்கும், ட்ரெய்லரோட கணக்கு 55 கிலோ அப்படியே மாறாம நிக்கும்.

இங்கதான் நிஜமான வேலை ஆரம்பிச்சது. தொட்டி 5 அடி, ஸ்ப்ளெண்டர் முன் டயர் நுனியில இருந்து பின் டயர் நுனி வரைக்குமே 6 அடிக்கு மேல. பின்கதவைத் திறந்து போட்டா நேரா நிக்கும், ஊர்ல நிறைய பேர் அப்படித்தான் போறாங்க. ட்ரெய்லர் இல்லாத வரைக்கும் அது சரி. ட்ரெய்லர் மாட்டின பிறகு திறந்த கதவு ஏ-ஃபிரேமுக்கு மேல நீட்டிக்கினு நிக்குது, நேரா போகும்போது ஒன்னும் தெரியாது, கொருக்குப்பேட்டை பக்கம் சந்துல திரும்புற மாதிரி ஒடிச்சா கதவோட மூலை ட்ரெய்லரோட முன்பெட்டியில போய் இடிக்கும். நாங்க மைதானத்துல மச்சானை வெளிய நிக்க வெச்சு ஊர்ந்து ஊர்ந்து ஒடிச்சுப் பாத்தோம், பாதி ஒடிப்புலயே ஜாக்கி வீலோட, அதாவது கழட்டி நிறுத்தும்போது ட்ரெய்லர் மூக்கைத் தாங்குற குட்டிச் சக்கரத்தோட, கைப்பிடி கதவைத் தொடுற அளவுக்கு வந்துடுச்சு. அதனால கதவு மூடியே இருக்கணும், பைக் மூலைக்கு மூலை குறுக்கா நிக்கணும்.

குறுக்கா நிறுத்தினா இன்னொரு சிக்கல் வரும், அதை யாரும் சொல்றதில்ல. தொட்டியோட நாலு மூலையிலயும் கம்பெனி குடுத்த கொக்கி இருக்கு, ஆனா பைக் கோணலா நிக்கறதால முன்னாடி இடது கொக்கி ரொம்பக் கிட்ட, வலது கொக்கி ரொம்ப தூரம். கிட்ட இருக்கிற பெல்ட் நட்டுக்குத்தா இழுக்கும், தூரத்துல இருக்கிறது படுக்கையா இழுக்கும், எவ்வளவு சமமா டைட் வெச்சாலும் வண்டி ஒரு பக்கமா சாயும், ரோட்டுல குலுங்கக் குலுங்க இன்னும் சாயும். பெல்ட் ரெண்டும் பைக்கோட கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் சம தூரத்துல இறங்கணும்.

அதுக்காகத்தான் தனியா ஒரு சட்டம். பைக் நிக்கிற கோட்டுல 4 இன்ச் சி சேனல் ஒன்னு, கவுத்துப் போடாம மல்லாக்க, டயர் உள்ள உக்கார்ற மாதிரி. அதுக்கு நேர் குறுக்கா முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு, 40-க்கு 40 ஆங்கிள், ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி டி ரிங்கு வெல்டு பண்ணியாச்சு, தொட்டி ஓரத்துல இடிக்கிற இடத்துல மட்டும் ஆங்கிளை வெட்டி மேல தூக்கி வளைச்சோம். முன் டயர் போய் சொருகிக்க ஒரு இன்ச் பைப்புல வளைச்ச கவட்டை, உள் அகலம் 85 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டரோட டயர் 2.75 இன்ச் அதாவது 70 மில்லிமீட்டர், மீதி இடத்துக்குப் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் வெட்டி ரிவிட் அடிச்சது. டயர் உள்ள போனா கை விட்டாலும் வண்டி கொஞ்ச நேரம் தானா நிக்கும், ஒத்தை ஆளா பெல்ட் கட்டறதுக்கு அது பெரிய உதவி.

சட்டத்தைத் தொட்டியோட தகட்டுல ஓட்டை போட்டு மாட்டறதுன்னா, ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க, டீசல் டேங்க், பிரேக் பைப், வயரிங் எல்லாம் அங்கதான் ஓடுது. நாங்க முன்னாடி ரெண்டு இடத்துல தொட்டியை சேஸிஸோட பிடிக்கிற போல்ட்டு கிட்டயே ஒட்டி மாட்டினோம், பின்னாடி ரெண்டு இடத்துல 12 எம்எம், 8.8 கிரேடு போல்ட்டு, அடியில மூணு இன்ச் சதுரத்துல 6 எம்எம் தகடு. வெறும் வாஷர் போட்டா தகட்டைக் கிழிச்சுக்கினு வெளிய வந்துடும். நம்ம கடலோரக் காத்துக்கு சாதா பெயின்ட் நிக்காது, வெல்டை நல்லா கிரைண்டிங் பண்ணி ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட்டு, அப்புறம்தான் கறுப்பு, போட்ட ஓட்டையோட வெட்டுவாய்லயும் பிரைமரைத் தொட்டு வைக்கணும்.

பெல்ட் விஷயத்துல கஞ்சத்தனம் பாக்காதீங்க. காசிமேட்டு நைலான் கயிறு கைக்கு எளிதா கிடைக்கும், பலமும் இருக்கு, ஆனா நைலான் இழுபடும், நனைஞ்சா இன்னும் இழுபடும், மீன்பிடி வேலைக்கு அந்தக் குணம்தான் தேவை, நமக்கு ஆகாது. கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குற பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட்டுதான் வேணும். பாரிஸ் கார்னர்ல செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு சைடுல கேட்டா கிடைக்கும், நீலமா ஒரு லேபிள் தெச்சிருக்கும், அதுல தாங்குற அளவு அச்சடிச்சிருக்கும், லேபிள் இல்லாத பெல்ட்டை வாங்காதீங்க. கன்டெய்னர் லாரிக்காரங்க போடுற 50 எம்எம் பெல்ட்டு இதுக்கு அதிகம், அதோட கைப்பிடியில முழு பலத்தைக் குடுத்தா பைக்கோட ஃபோர்க்கை மொத்தமா அமுக்கிடும். 25 எம்எம் போதும். சரக்குக் கட்டறதுக்கு ஐரோப்பாவுல வெச்சிருக்கிற கணக்குப்படி முன்பக்கமா எடையில 80 சதவீதம், பக்கவாட்டுல 50 சதவீதம் தாங்கணும், 112 கிலோ பைக்குக்கு முன்னாடி 90 கிலோ இழுப்பு, அதுல ஒரு பங்கை கவட்டையே வாங்கிக்கும்.

முன் பெல்ட்டை ஹேண்டில் பார்ல மாட்டாதீங்க, பார் திரும்பும், வளையும். ரெண்டு ஃபோர்க்கையும் கீழ சேர்த்துப் பிடிக்கிற டீ இருக்கு பாருங்க, அதுல துணி வளையம் ஒன்னு சுத்தி, அந்த வளையத்துல பெல்ட் கொக்கி. கொக்கி நேரா இரும்புல பட்டா பெயின்ட் போயிடும், வயரையும் கேபிளையும் வளையத்துக்கு வெளிய ஒதுக்கி விடணும், பிரேக் கேபிள் உள்ள மாட்டிக்காம ஒரு தடவை விரலை விட்டுத் தடவிப் பாத்துக்கணும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ரெண்டு ரெண்டு கிளிக்கா டைட் வெச்சு, ஃபோர்க் தன்னோட ஓட்டத்துல மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் அமுங்கினா போதும். அமுங்காம கட்டினா ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி குதிச்சு பெல்ட் தொளதொளன்னு ஆகி கொக்கி கழண்டுக்கும், முழுசா அமுக்கினா ஆயில் சீல் போயிடும். பின் பெல்ட்டை கேரியர் கம்பியில கட்டாம, பின்னால உக்கார்றவங்க ஃபுட்ரெஸ்ட் பிடிச்சிருக்கிற ஃபிரேம்ல கட்டணும், அது வண்டியைக் கீழயும் கொஞ்சம் முன்னாடியும் இழுக்கணும். ஸ்டாண்டு மேல ஏத்தியாச்சா, ஃபர்ஸ்ட் கியர்ல இருக்கா, பெட்ரோல் குழாய் மூடியாச்சா. சென்ட்ரல்ல பார்சல் ஆபீஸ்ல பைக் அனுப்பினவங்களுக்குத் தெரியும், டேங்கை மொத்தமா காலி பண்ணினாத்தான் எடுத்துப்பாங்க. நான் அந்த அளவுக்குப் போறதில்ல, ஆனா ஃபுல் டேங்க் வெச்சுக்கினும் ஏத்தறதில்ல. மீதி பெல்ட் வாலை முடிச்சுப் போட்டு ஒதுக்கிடுங்க, காத்துல படபடன்னு அடிச்சே அது ராட்செட்டைத் தளர்த்தும், பைக் பெயின்டையும் தேய்க்கும்.

ஏத்தறதுக்கு 7 அடி நீளத்துல செக்கர் பிளேட் சாய்வு ஒன்னு. அதோட மேல் நுனியில ரெண்டு கொக்கி, தொட்டியோட விளிம்புல மாட்டி, ஒரு பெல்ட்டால டோ பாரோட கட்டிடணும், ஏத்தற நேரத்துல சாய்வு பின்னாடி நழுவினாத்தான் ஆளுக்கு அடிபடும். ஒருத்தர் பக்கத்துல நடந்துக்கினே ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும், இன்னொருத்தர் பின்னாடி தள்ளணும், நேர் பின்னாடி நிக்காம ஓரமா. மேல ஏறினதும் பின்சக்கரத்தைத் தூக்கி சேனல் கோட்டுக்கு நகர்த்தணும், ஸ்ப்ளெண்டருக்கு ரெண்டு பேர் போதும். புல்லட் மாதிரி 195 கிலோ வண்டின்னா இந்த முறை எனக்குச் சரியாப் படல, அதுக்கு நீளத் தொட்டி இருக்கிற பிக்கப்தான்.

எல்லாம் ஏத்தின பிறகு எடை மேடைக்குப் போங்க. மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுங்க இருக்கிறதால தடுக்கி விழுந்தா எடை மேடை. முன்சக்கரம் மட்டும் மேடை மேல, அப்புறம் பின்சக்கரமும் சேர்த்து, அப்புறம் ட்ரெய்லரும் சேர்த்துன்னு மூணு சீட்டு வாங்குங்க. அது 5 கிலோ, 10 கிலோ படியாத்தான் காட்டும், மூக்கு வெயிட்டை அதுல பாக்க முடியாது, ஆனா ஆக்ஸில் கணக்குக்குப் போதும். ஆர்சியில போட்டிருக்கிற மொத்த எடையில இருந்து காலி எடையைக் கழிச்சா மிஞ்சுறதுல, பைக் 112, சட்டம், மூக்கு 55, ஆளுங்க, ஐஸ் பெட்டி எல்லாம் அடங்கணும். இதுல ஒன்னு கவனிங்க, மூக்கோட 55 கிலோ பின் ஆக்ஸிலுக்கும் பின்னால தொங்குது, வி-கிராஸுக்கு வீல்பேஸ் 3.1 மீட்டர் கிட்ட, பால் பின் ஆக்ஸில்ல இருந்து 1.2 மீட்டர்னு வெச்சா பின் ஆக்ஸில் மேல அது 76 கிலோவா இறங்கும், முன்னாடி 21 கிலோ தூக்கும். பைக்கைத் தொட்டியில எவ்வளவு முன்னாடி தள்ளி வைக்க முடியுமோ வைக்கச் சொல்றது இதனாலதான். பின் டயர் காத்தும் லோடுக்குப் போட்டிருக்கிற அளவுக்கு ஏத்திக்கணும், கதவு ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும்.

ஓட்டும்போது நான் 60-ஐத் தாண்டறதில்ல. கிளம்பி அஞ்சு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை நிறுத்தி நாலு பெல்ட்டையும் கையால தட்டிப் பாப்பேன், புது பெல்ட்டு முதல்ல கொஞ்சம் இழுபடும், சஸ்பென்ஷனும் உக்காரும். அப்புறம் இன்னொரு தடவை, எண்ணூர் வழியா போனா மீஞ்சூர்ல, செங்குன்றம் வழியா போனா டோலுக்கு முன்னாடி. கூடவே பால் லாக், கப்ளருக்கு அடியில குறுக்கா மாட்டின ரெண்டு சங்கிலி, லைட் பிளக், ட்ரெய்லர் வீல் ஹப்பைத் தொட்டு சூடு. எப்பவாவது வால் ஆடற மாதிரி தெரிஞ்சா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா புடிச்சுக்கினு வேகம் தானா குறையட்டும்னு விடணும், பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் கூடாது, எதிர்த்துத் திருப்பவும் கூடாது. பொன்னேரி தாண்டி பழவேற்காடு ரோட்ல எதிர்க் காத்தும் பக்கக் காத்தும் மாறி மாறி வரும், அங்க 40, 45 போதும்.

போய்ச் சேர்ந்த இடத்துல பைக்கை இறக்கணும்னா சாய்வு போட பின்னாடி இடம் வேணும், அதனால ட்ரெய்லரைத்தான் முதல்ல கழட்டணும். ட்ரெய்லர் வீலுக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை, ஜாக்கி வீல் இறக்கி மண்ணுல புதையாம அடியில பலகை, அப்புறம் லைட் பிளக், சங்கிலி, கடைசியா கப்ளர். ஆளுங்க ட்ரெய்லருக்குள்ள ஏறி பின்பக்க அடுப்பு மேடை மேல சாயறதுக்கு முன்னாடி பின்கால் ரெண்டையும் இறக்கிடணும், பால்ல இருந்து கழண்ட பிறகு அந்த மூக்கைக் கீழ பிடிச்சு வெச்சிருக்கிறது 55 கிலோ மட்டும்தான். ஜாக்கி வீலோட கைப்பிடியை மடங்குற மாதிரி மாத்தணும்னு பட்டறை அண்ணன் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அது வந்ததும் சந்துல இன்னும் கொஞ்சம் தைரியமா ஒடிக்கலாம்.